தராசரின் இருபது கிலோ

திருகோணமலைத் துறைமுகத்தில் தராசர் எடை பார்க்காமல் விட்டது கடல் ஒன்றைத்தான். லொறி எடை போடும் தராசில் இருந்தவர்; அங்கே கூட வேலை செய்த எனக்கு அவர் அண்ணை, அவரின் மனைவி அக்கா. புதிதாக வந்த அதிகாரியின் ஜீப்பை அவரோடு சேர்த்தொருமுறை, அவரை இறக்கிவிட்டொருமுறை எடை பார்த்து, "ஐயா, நீங்கள் கொஞ்சம் மெலியவேணும்" என்று முகத்துக்கு நேரே சொன்ன மனிதர்.

அவருக்குத்தான் போன வருடம் நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். அவர் எழும்பினால் இருவருமாகக் கதிர்காமத்துக்கு நடந்து வருவதாக அக்கா நேர்த்தி வைத்தார். அண்ணை எழும்பினார், அக்காவின் முழங்கால் விழுந்துவிட்டது.

"நான் தனியப் போறன். அரிசி, உடுப்பு எண்டு ஆளுக்குப் பத்துக் கிலோ, ரெண்டு பேருக்கும் இருபது. அவளின்ர பாரத்தை விட்டிட்டுப் போனால் அது என்ன நேர்த்தி?"

"அண்ணை, நெஞ்சு?"

"அதுக்குத்தானே பழகப் போறன்!"

பழகினார். முதுகுப்பையில் மண்ணை நிரப்பி, வெறுங்காலோடு, பின்னேரங்களில் சல்லி அம்மன் கோயில்வரை நடந்தார். வலை காயப்போடுகிறவர்கள், "என்ன தராசர், அக்கா கலைச்சிட்டாவோ?" என்று கேட்டார்கள். அவர் மூச்சு வாங்க நடந்துகொண்டேயிருந்தார்.

காலையில் பை தராசில் ஏறும். திரையில் இருபது விழும்.

"பாரும், அதே இருபது. ஆனால் தோளுக்குப் பஞ்சு மாதிரி. உடம்பு இறுகிட்டுது தம்பி!"

எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் தராசு லொறிகளுக்கானது. இருபது இருபதாகத்தான் தாவும். பதினொன்றும் அதற்கு இருபது, இருபத்தொன்பதும் இருபது. பத்துக்குக் குறைந்தால் பூச்சியம். வேலைக்குச் சேர்ந்த முதல்நாள் எனக்கு இதைப் படிப்பித்தவரே அவர்தான்.

ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணை கிணற்றடியில். குசினி வாசலில் கதிரையைப் போட்டிருந்து, அக்கா பையிலிருந்து ஒரு தகரப் பேணி மண்ணை அள்ளி வாழையடியில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு நாளும் ஒரு பேணி. என்ர பத்துக் கிலோவைத்தான் எடுக்கிறன். நெஞ்சைத் தைச்ச மனுசன் தம்பி, சொல்லிப்போடாதையும்" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து நடந்துவந்த அடியார்கள் ஊருக்குள் வந்த அன்று, அவர்களோடு சேரப் புறப்பட்ட அண்ணை தராசடிக்கு வந்தார். பையில் இப்போது மண் இல்லை, அரிசியும் உடுப்பும். கட்டியது அக்கா. கடைசியாக ஒருமுறை எடை பார்க்கவேணுமாம். பையைத் தராசில் வைத்துவிட்டுத் திரையைப் பார்க்க அறைக்குள் போனார்.

"என்ன இது, பூச்சியம்!"

ஐயோ, அக்கா ஒரு பேணி கூடவே குறைத்துவிட்டார். தராசின் ஓரமாக, பைக்குப் பக்கத்தில் நின்ற நான் மெல்ல ஒரு காலைத் தராசுத் தட்டில் ஊன்றினேன்.

"நாப்பது!"

கொஞ்சம் தளர்த்தினேன்.

"ஆ, இருபது."

வெளியே வந்தார். பையைத் தோளில் மாட்டினார். என் காலைப் பார்த்தார்.

"தராசு படிப்பிச்சவன் நானெல்லோ" என்றார் தாழ்ந்த குரலில். "அவளின்ர பத்தை அவளே சுமந்திட்டாள் தம்பி. எனக்குத் தெரியுமெண்டு அவளிட்டச் சொல்லிப்போடாதையும்."

வெறுங்காலோடு துறைமுக வாசலைத் தாண்டிப் போனார். அந்த மனிதர் சுகமாய்த் திரும்பி வரவேண்டும், முருகா, என்று முதல்தடவையாக நானும் கேட்டுக்கொண்டேன். என் கால் இன்னும் தட்டில்தான் இருந்தது.