மச்சான் மருந்து

பூட்டு ரிப்பேர்க்காரர் ஒரு சபதம் எடுத்தார். மனைவியின் அண்ணன் இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது.

காரணம் ஓர் ஏணி. மச்சான் என்றைக்கோ இரவல் வாங்கிப் போனார். ஏணி திரும்பி வந்தபோது நடுவில் ஒரு படியைக் காணோம். கேட்டதற்கு, "ஒரு படி குறைஞ்சா சீக்கிரமா ஏறிடலாமே மாப்ளே" என்று சிரித்தார். அன்று வந்த கோபத்தைப் பூட்டுக்காரர் எண்ணெய் போட்டு, துரு ஏறாமல் காத்து வருகிறார்.

இப்போது மச்சான் வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம். சரிசெய்கிற வரைக்கும் இங்கே தங்க வேண்டுமாம்.

"முன் அறையில இருக்கட்டுமே, பாவம்" என்றாள் மனைவி.

முன் அறையில்தான் பூட்டுக்காரரின் சாய்வு நாற்காலி இருக்கிறது. முடியாது என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. அதனால் பிரஷர் மெஷினை எடுத்தார். 'டென்ஷன் ஆகாம பாத்துக்குங்க' என்று டாக்டரம்மா வாங்கச் சொன்ன மெஷின். கையில் பட்டையைச் சுற்றினார்.

"இப்ப உங்க அண்ணன் பேரைச் சொல்லு."

சொன்னாள். பூட்டுக்காரர் மூச்சை அடக்கினார். பல்லைக் கடித்தார். மேஜைக்கு அடியில் கால் விரல்களை முறுக்கினார். மெஷின் கீச்கீச்சென்று கத்தியது.

"பாத்தியா? பேருக்கே இந்தக் கதி. ஆளே வந்தா நான் என்ன ஆவேன்?"

மனைவி மேஜைக்கு அடியில் விழுந்த ஸ்பூனை எடுக்கக் குனிந்தாள். நிமிர்ந்தபோது முகமெல்லாம் பதற்றம். "ஐயோ, என்னங்க இது!" என்று கிளினிக்குக்கு ஓடினாள். பூட்டுக்காரர் சாய்ந்து காலாட்டினார்.

திரும்பி வந்தவள் சொன்னாள்: "பயப்படுற விஷயத்தைப் பாத்து ஓட ஓட அது பெருசாத்தான் ஆகுமாம். கொஞ்சங் கொஞ்சமா பழகிக்கணுமாம். டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"எதோட பழகணும்?"

"அண்ணனோடதான்."

மறுநாள் டிவிக்கு மேலே மச்சானின் போட்டோ சிரித்தது. அடுத்து, வாசலில் மச்சானின் செருப்பு. அதற்கும் அடுத்து, போனில் பிடித்து வந்த மச்சானின் குறட்டை; சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. ஒவ்வொன்றுக்கும் பூட்டுக்காரர் கால் விரலை முறுக்கினார். மெஷின் விடாமல் கத்தியது.

"இது வேலைக்கு ஆகாதுடி. நிறுத்திடு."

"கேக்கலைன்னா டோஸைக் கூட்டணும்ங்க."

சாயங்காலமே டோஸ் பெட்டியோடு வந்து, சாய்வு நாற்காலியில் சாய்ந்தது.

"உங்க உடம்புக்கு நல்லதுன்னா எத்தனை நாள் வேணும்னாலும் கஷ்டப்படுறேன் மாப்ளே" என்றார் மச்சான்.

பூட்டுக்காரர் முக்காலியில் உட்கார்ந்து மூளையைக் கசக்கினார். பிரஷர் ஏறுகிற வரைக்கும்தானே இந்த ஆள் இங்கே இருப்பார்? இறங்கிவிட்டால் வைத்தியம் முடிந்தது!

காலையில் பட்டையைச் சுற்றினார். விரல்களைத் தளர விட்டார். கண்ணை மூடி, மூச்சை நீளமாக இழுத்து, மெல்ல விட்டார். ஏணியைக்கூட மறந்தார். மெஷின் வாயைத் திறக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தது.

"குணமாயிட்டேன்! மச்சானை அனுப்பி வை!" என்று துள்ளினார்.

மனைவி விளக்கைப் பார்த்தாள். அப்புறம் அவர் கால் விரல்களைப் பார்த்தாள். உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அண்ணா, துணியை எல்லாம் எடுத்து அலமாரியில அடுக்கிடு. இறங்கிடுச்சேன்னு பிரஷர் மருந்தை யாராவது நிறுத்துவாங்களா?"