ரம்புட்டான் தோப்பில் இரண்டு புத்திசாலிகள்

இலஞ்சிக்குப் போகும் சாலையில் சாரலில் நனைந்துகொண்டே இரண்டு பேர் நடந்தோம். முன்னால் இசக்கி அண்ணாச்சி, பின்னால் நான். அண்ணாச்சி தலையில் ஒரு மடக்குக் கட்டில். என் தோளில் ஒரு பை, அதற்குள் என் மொத்தக் குடித்தனம் (இரண்டு சட்டை, ஒரு போர்வை, போன் இல்லாத ஒரு சார்ஜர்).

"நீதாம்லே மொதல்ல தூங்குனே" என்றார் அண்ணாச்சி, திரும்பிப் பார்க்காமல்.

"இல்ல அண்ணாச்சி, நீங்கதான். உங்க கொறட்டைய நான் கேட்டேன்."

"கொறட்டையக் கேட்டேன்னா நீ முழிச்சிருந்திருக்கே. முழிச்சிருந்தவன் கொரங்கை ஏம்லே வெரட்டல?"

மாட்டிக்கொண்ட இடத்தில் நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். நின்று செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் அன்று காலைதான் வேலை போயிருந்தது. அதுவும் ஒரே வாக்கியத்தில். பல ஊர்களில் பல வேலைகளிலிருந்து நான் துரத்தப்பட்டிருக்கிறேன். ஆனால் புத்திசாலி என்று சொல்லி வேலையில் சேர்ந்து, புத்திசாலியாக இருந்த காரணத்தாலேயே துரத்தப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே காலையில் எழ வராது. எட்டாம் வகுப்பைப் பெரும்பாலும் வகுப்பறை வாசலில் நின்றேதான் படித்தேன். ஒன்பதாம் வகுப்பு வாசல் வரைக்கும் போகவில்லை. பிறகு ஆலங்குளத்தில் டீக்கடை, வீரகேரளம்புதூரில் செங்கல் சூளை, நடுவில் திருப்பூர், எர்ணாகுளம் என்று சுற்றினேன். எங்கே போனாலும் கடைசியில் ஒரே வசனம்தான். "இவன் எந்திக்கிறதுக்குள்ள ஊரே எந்திச்சு வேலைய முடிச்சிருது."

இப்படிச் சுற்றி மறுபடி தென்காசிக்கு வரும்போதுதான் பஸ்ஸில் என் தலையெழுத்து மாறியது. பக்கத்துச் சீட்டுக்காரர் போனைச் சத்தமாக வைத்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டுப் போட்ட ஒருவர் அதில் பேசினார். ராத்திரி வெகுநேரம் விழித்திருந்து காலையில் தாமதமாக எழுகிறவர்களுக்கு மூளை அதிகமாம். சீக்கிரம் படுத்துச் சீக்கிரம் எழுகிறவர்கள் நல்லவர்களாம், ஆனால் அவ்வளவுதானாம்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"அண்ணே, அதை இன்னொருவாட்டி போடுங்களேன்" என்றேன். போட்டார்.

"இது உண்மையாண்ணே?"

"யாருக்குத் தெரியும் தம்பி. எனக்கு ஒம்பது மணிக்கே கண்ணு சொருகிரும்" என்றார் அவர் வருத்தத்தோடு. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மூளைக் குறைவு என்று ஒருவர் மேல் நான் இரக்கப்பட்டது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. அந்த ருசி தனி.

தென்காசியில் இறங்கும்போது நான் வேறு ஆளாக இறங்கினேன். இத்தனை வருஷமாகச் சோம்பேறி என்று என்னைத் திட்டியவர்களை நினைத்துப் பார்த்தேன். அத்தனை பேரும் விடியற்காலையில் எழுகிறவர்கள்! பாவம், அவர்களுக்கு எப்படிப் புரியும்?

அந்தத் திமிரோடுதான் குற்றாலத்தில் மேரியக்காவிடம் வேலை கேட்டுப் போனேன். ஐந்தருவிக்குப் போகும் வழியில் உள்ளே தள்ளி ஒரு ரம்புட்டான் தோப்பை அந்த அக்கா தனியாளாகக் குத்தகைக்கு எடுத்திருந்தார். சீசன் தொடங்கி, பழம் சிவக்க ஆரம்பித்திருந்தது. பாதி மரங்களுக்குத்தான் வலை. மீதி மரங்களுக்கு ஆள் காவல் வேண்டும். ராத்திரியில் வவ்வால் வரும், பகலில் குரங்கு வரும்.

"தம்பி, நீ ராத்திரி ஆளா, பகல் ஆளா?" என்று கேட்டார் அக்கா.

வேறு யாராக இருந்தாலும் ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருப்பார்கள். நான் பிரசங்கம் செய்தேன். பஸ்ஸில் கேட்டதை எல்லாம், கேட்காததையும் சேர்த்து, கோட்டுப் போட்டவருடைய குரலிலேயே சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி. அப்ப நீ வவ்வாலைப் பாத்துக்கோ. பகலுக்கு இசக்கி அண்ணாச்சி இருக்காக" என்றவர், மோட்டார் ரூமைக் காட்டினார். "பறிப்பு முடியட்டும். உங்க ரெண்டு பேர்ல யாரு நல்லாப் பாக்கிறீங்களோ, அவுகளுக்கு அந்த ரூம். வருஷம் பூரா இங்கனயே தங்கித் தோப்பைப் பாத்துக்கிடலாம்."

அந்த ரூமைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கட்டில், ஒரு பல்பு, ஒரு ஃபேன், உள்ளே தாழ்ப்பாள். நான் அதுவரை தாழ்ப்பாள் உள்ள இடத்தில் தூங்கியதில்லை. கடை வாசல், லாரி, சூளைக் கொட்டகை என்றே போய்விட்டது. மழை பெய்தால் எழுந்து இடம் மாறிப் படுப்பது எனக்குத் தூக்கத்திலேயே வரும். அந்தத் தாழ்ப்பாளை ஒருதடவை போட்டு எடுத்துப் பார்த்தேன். டக்கென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்காக எதையும் செய்யலாம் என்று தோன்றியது.

இசக்கி அண்ணாச்சி பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இலஞ்சியில் சொந்த வீடு, மகன், மருமகள் எல்லாம் உண்டு. ஆனால் மருமகள் பகல் பன்னிரண்டு மணி வரை தூங்குகிறாள், அதைப் பார்த்துக்கொண்டு ஒரு வீட்டில் இருக்க முடியாது என்று கோபித்துக்கொண்டு கட்டிலோடு தோப்புக்கு வந்துவிட்டவர். அவருக்கும் அந்த ரூம் வேண்டும்.

நான் என் பிரசங்கத்தை அவரிடமும் செய்தேன். (வாய் சும்மா இருக்காது.)

"யாரு சொன்னா?" என்றார்.

"கோட்டுப் போட்ட ஒருத்தரு, அண்ணாச்சி."

"பட்டாளத்துல நாங்க விடியுறதுக்கு முன்னாடி எந்திச்சு, ஓடி முடிச்சு, குளிச்சும் முடிச்சிருவோம். உன் கோட்டுக்காரன் எந்திக்கையில நாங்க பாதி நாட்டைக் காப்பாத்தியிருப்போம். மூளை யாருக்குலே?"

"ஓடுறதுக்கு மூளை எதுக்கு அண்ணாச்சி?"

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாளிலிருந்து அவர் என் வேலையைச் சோதிக்க ஆரம்பித்தார். காலையில் மரத்தடியில் கிடக்கும் தோலைப் பொறுக்கி வந்து என் முகத்துக்கு நேராக நீட்டுவார். "இந்தா, உன் கூட்டாளி வவ்வா தின்னது. உன்னை மாதிரியே ராத்திரி ஆளு, புத்திசாலி." சாயங்காலம் நான் என் பங்குக்குப் பொறுக்கி நீட்டுவேன். "இந்தாங்க, உங்க கொரங்கு. விடியக்காலமே எந்திச்சிருக்கு, பாவம்."

எது வவ்வால் தின்ற தோல், எது குரங்கு தின்ற தோல் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. அதனால் சண்டைக்குப் பஞ்சம் இல்லை.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. (யோசனை வந்த நாளெல்லாம் எனக்குக் கெட்ட நாள்தான்.) பகலில் அண்ணாச்சி அசரும் நேரத்தைக் கையும் களவுமாகப் பிடித்து மேரியக்காவிடம் காட்டிவிட்டால், ரூம் எனக்கு. ஆகவே ராத்திரிக் காவல் முடிந்தும் நான் படுக்கவில்லை. வலை போடாத ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கும் அதே யோசனை வந்துவிட்டது. அன்று இருட்டியதும் படுக்காமல் கட்டிலை எனக்கு எதிரே போட்டு, அட்டென்ஷனில் உட்கார்ந்துகொண்டார்.

"தூக்கம் வரலையா அண்ணாச்சி?"

"எனக்கு வராது. உனக்கு?"

"நான் ராத்திரி ஆளுல்லா."

இப்படியே அந்த ராத்திரி போனது, அடுத்த பகல் போனது, அடுத்த ராத்திரியும் போனது. மரத்தைப் பார்க்க வைத்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். வவ்வாலை விரட்டத் தகர டப்பாவைத் தட்டக்கூட நான் முகத்தைத் திருப்பவில்லை. கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல். ஒரு கட்டத்தில் அண்ணாச்சிக்கு இரண்டு தலை தெரிந்தது. இரண்டுக்கும் மீசை இருந்ததால் எதைக் கண்காணிப்பது என்று குழம்பிப் போனேன்.

இதில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நான் ராத்திரி ஆளே இல்லை என்பது எனக்கு அப்போது லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. டீக்கடையில் காலையில் தூக்கம் வந்தது, வேலை காலையில் இருந்தது. தோப்பில் வேலை ராத்திரியில் இருந்தது, தூக்கமும் சமத்தாக ராத்திரிக்கு மாறி வந்துவிட்டது. வேலை எந்த நேரமோ, எனக்குத் தூக்கம் அந்த நேரம். இது எந்த ரகம் என்று கோட்டுப் போட்டவர் சொல்லவில்லை.

பறிப்புக்குக் குறித்த அன்று காலை வெயிலும் சாரலும் சேர்ந்து இதமாக இருந்தது. "மேரி வந்துருவா, மூஞ்சியக் கழுவு" என்று அண்ணாச்சி சொன்னது நினைவிருக்கிறது. "நீங்க மொதல்ல கழுவுங்க" என்று நான் சொன்னதும் நினைவிருக்கிறது. இரண்டு பேரும் கழுவப் போகவில்லை. போனால் மற்றவன் ஜெயித்துவிடுவானே.

அதற்குப் பிறகு நினைவில் இருப்பது, என் நெஞ்சின் மேல் ஏதோ விழுந்தது. மறுபடி விழுந்தது. கண்ணைத் திறந்தேன். ரம்புட்டான் தோல். தலைக்கு மேலே கிளையில் ஒரு தாய்க் குரங்கு குட்டியோடு உட்கார்ந்து, பதறாமல், உரித்து உரித்துத் தின்றுகொண்டிருந்தது. பக்கத்து மரத்தில் ஒரு குடும்பம். அதற்கடுத்த மரத்தில் இரண்டு குடும்பம். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இருந்தது. எதிரே அண்ணாச்சி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்க, அவர் கட்டிலின் கால்மாட்டில் ஒரு கிழட்டுக் கடுவன் குரங்கு உட்கார்ந்து அவர் காலைப் பார்த்துக்கொண்டே மென்றது. அவருக்குக் காவல் இருப்பது போலவே இருந்தது.

பக்கத்தில் பறிக்கிற ஆட்களோடும் கூடைகளோடும் மேரியக்கா நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

அக்கா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. வலை போட்ட மரங்கள் தப்பியிருக்கின்றனவா என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தப்பியிருந்தன.

"அக்கா, அண்ணாச்சிதான் மொதல்ல..." என்றேன்.

"இவன்தான் மேரி..." என்று அண்ணாச்சி எழுந்து நின்றார். அப்போதும் அட்டென்ஷனில்தான்.

"ஒருத்தரு ராத்திரி, ஒருத்தரு பகல்னு நான் சொன்னேன். ரெண்டு பேரும் சேர்ந்து முழிச்சு, ரெண்டு பேரும் சேர்ந்து தூங்கியிருக்கீக. இதுல யாருக்கு மூளை கூடன்னு அந்தக் கொரங்குகிட்டயே கேட்டுக்கிட்டு அப்படியே கெளம்புங்க."

கடைசியில் சொன்னதுதான் அந்த ஒரே வாக்கியம்.

இப்போது மறுபடி இலஞ்சிச் சாலை. செருப்பைச் சரிசெய்து முடித்து நிமிர்ந்தால், அண்ணாச்சி கட்டிலை இறக்கி வைத்துவிட்டு எனக்காக நின்றுகொண்டிருந்தார். "ஒரு பக்கம் பிடிலே, கழுத்து வலிக்குது" என்றார். பிடித்தேன். "சாப்பிட்டியா?" என்றார். இல்லை என்றேன். வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

மருமகள் பிரியா அப்போதுதான் எழுந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஏதோ அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்கிற பெண். நாங்கள் சோறு தின்று முடிப்பதற்குள் முழுக்கதையையும் வாங்கிவிட்டாள். சிரித்துச் சிரித்துக் காபி புரையேறிவிட்டது.

நான் விடவில்லை. "ராத்திரி முழிக்கிறவுகளுக்கு மூளை அதிகம்னு சொல்லுதாக. நீங்க ராத்திரி ஆளுதான, தங்கச்சி. உண்மையா?"

"நானா ராத்திரி ஆளு? அண்ணே, அமெரிக்காக்காரன் பகல்ல முழிச்சிருக்கான். அதனால நான் இங்க ராத்திரி முழிச்சிருக்கேன். என்னைத் தூங்க விட்டா எட்டு மணிக்கே சாஞ்சிருவேன். உனக்கு எப்போ தூங்கப் பிடிக்கும்னு என்னை எவன் கேட்டான்?"

அண்ணாச்சி சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "ஏட்டீ, எட்டு மணிக்கா? எனக்கும் எட்டு மணிதான்" என்றார். கோபித்துக்கொண்டு போனவர் அன்றிலிருந்து வீட்டோடுதான் இருக்கிறார்.

எனக்குத்தான் குழப்பம் அதிகமானது. விழித்திருக்கிறவள் சீக்கிரம் தூங்க ஆசைப்படுகிறாள். தூங்குமூஞ்சி நான் ராத்திரி ஆள் என்று திரிந்தேன். ராத்திரி வந்த வவ்வாலும் தின்றது, பகலில் வந்த குரங்கும் தின்றது, இரண்டு நேரமும் விழித்திருந்த நாங்கள் ஒரு பழம்கூடத் தின்னவில்லை. இதில் மூளை எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அந்த ரூம் யாருக்குக் கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். மேரியக்கா ஒரு நாயைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். அது ராத்திரியும் தூங்குமாம், பகலும் தூங்குமாம். ஏதாவது வந்தால் மட்டும் எழுந்து குரைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளுமாம். ஃபேன் போட்டு விடுகிறார்களாம்.

அண்ணாச்சி வீட்டு விசேஷம் எதுவானாலும் எனக்குச் சொல்லிவிடுவார்கள். போனால், நானும் அவரும் யார் முதலில் தூங்கியது என்று ஆரம்பிப்போம். பிரியாவின் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அந்த வீட்டில் யாராவது பெரிய மேதாவி மாதிரிப் பேசினால், "ஏலே, மேல கொரங்கு இருக்கா பாரு" என்பார்கள். பேசுகிறவர் தன்னை அறியாமல் நிமிர்ந்து பார்ப்பார். நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

வேலை போன அன்று ராத்திரி அண்ணாச்சி வீட்டிலேயே படுத்து, அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். மறுநாள் காலை தென்காசிக்கு நடந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் வேலை கேட்டேன். கல்லாவில் இருந்த முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"காலையில எப்ப எந்திப்பே?"

"கடைய எப்ப தெறப்பீக, அண்ணாச்சி?"

"நாலு மணிக்கு."

"அதுக்கு முன்னாடி எந்திச்சிருவேன்."

"ராத்திரி கடை அடைக்க நேரமாகும். முழிச்சிருப்பியா?"

"இருப்பேன்."

அவர் சந்தேகமாகப் பார்த்தார். "ரெண்டு நேரமும் முழிச்சிருப்பேன்னு சொல்லுதே. ரொம்ப வெவரமான ஆளோ? வெவரமான ஆளு எனக்குச் சரிப்படாது, இது தண்ணி எடுக்குற வேலை."

"சத்தியமா வெவரம் கிடையாது அண்ணாச்சி" என்றேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த ஒரே நேர்மையான நற்சான்று அதுதான்.

"அப்பக் கொடத்தை எடு" என்றார்.

எடுத்தேன்.