பிடரிவேந்தன் சாகும் காட்சி

ஒரு காட்டில் எல்லாருக்கும் சினிமாப் பைத்தியம் பிடித்திருந்தது. புல் தின்பவை, புலால் தின்பவை என்ற பேதமில்லாமல் யாரைக் கேட்டாலும் கைவசம் ஒரு கதை இருந்தது. கதை இல்லாதவை நடிக்கப் போயின.

அங்கே சுடலைமுத்து என்றொரு பிணந்தின்னிக் கழுகு வாய்ப்புத் தேடி அலைந்துகொண்டிருந்தது. டைரக்டர் ஆகாமல் இந்தப் பக்கம் சிறகடிக்க மாட்டேன் என்று மலைமுகட்டில் சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் சவடால் விட்டுவிட்டு வந்திருந்தது. வந்த இடத்தில் எழுதியதெல்லாம் ஊருக்குப் பிடித்த கதைகள். புறா ஜோடியின் காதலை எழுதியது. மான் குடும்பத்தின் அண்ணன் தங்கைப் பாசத்தை எழுதியது. கேட்டவர்கள் இடைவேளைக்கு முன்பே கொட்டாவி விட்டு எழுந்து போனார்கள். தனக்குத் திறமை என்று ஒன்று இருக்கிறதா என்று சுடலைமுத்துவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்தக் காட்டின் பெரிய ஹீரோ, பிடரிவேந்தன் என்கிற சிங்கம். வயதாகிவிட்டது, பிடரிக்குச் சாயம் பூசிச் சமாளித்துக்கொண்டிருந்தது. அதன் கால்ஷீட்டைப் பார்த்துக்கொண்ட மேனேஜர் ஒரு நரி. நீதிக்கதைகளில் வரும் நரிகளைப் போல இது தந்திரம் எதுவும் செய்யாது. அதற்கெல்லாம் நேரமில்லை.

ஒருநாள் நரி கேட்டது: "சுடலை, கோச்சுக்காம சொல்லு. புறாவைப் பார்த்தா உனக்கு என்ன தோணும்?"

"ஒண்ணும் தோணாதுண்ணே. உசிரோட திரியிறது எதைப் பார்த்தாலும் எனக்கு மனசு ஒட்டாது."

"அப்புறம் எதுக்குய்யா காதல் கதை? எதைப் பார்த்தா உனக்கு நெஞ்சு படபடங்குதோ அதை எழுது. தலைவர்கிட்ட கதை சொல்ல நான் நேரம் வாங்கித் தர்றேன். இதுவும் போச்சுன்னா மூட்டையைக் கட்டிரு."

சுடலைமுத்து ஒரு பட்டமரத்தில் உட்கார்ந்து எழுதியது. ஒரு வரிகூட அடிக்கவில்லை. எழுதும்போது அலகில் எச்சில் ஊறியது அதுதான் முதல்முறை.

குகையில் சிங்கம் காலை நீட்டிக் கதை கேட்கத் தயாரானது.

"முதல் சீன்லயே நீங்க செத்துடுறீங்க சார்" என்று ஆரம்பித்தது சுடலைமுத்து.

நரிக்குப் புரையேறியது. அந்தக் காட்டில் ஹீரோ சாகக் கூடாது. மலையிலிருந்து உருட்டிவிட்டாலும் எழுந்து வந்து கடைசிப் பாட்டுக்கு ஆடியாக வேண்டும்.

"நான் செத்துட்டா மிச்சப் படத்துல யாருய்யா?" என்று உறுமியது சிங்கம்.

"நீங்கதான் சார். படம் முழுக்க நீங்கதான். வெயில்ல ஒரு பாறை. அதுல மல்லாந்து கெடக்கிறீங்க. காத்துல பிடரி மட்டும் அசையுது. டொய்ங்ங்..." சுடலைமுத்து வாயாலேயே பின்னணி இசை போட்டது. "கேமரா ஆகாசத்துல இருந்து வட்டம் போட்டு வட்டம் போட்டு இறங்குது. முதல்ல தோள். அப்புறம் தொடை. அப்புறம் அந்த விலா... எப்பேர்ப்பட்ட விலா சார் அது!"

அதற்குமேல் பேச முடியவில்லை. கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

சிங்கத்துக்கும் கண் கலங்கியது. எத்தனையோ கதாசிரியர்கள் அதன் கர்ஜனையைப் புகழ்ந்திருக்கிறார்கள். இப்படி அங்கம் அங்கமாக யாரும் ரசித்ததில்லை. "என்னை இவ்வளவு ஆசையா ஒருத்தரும் பார்த்ததில்ல தம்பி" என்றது. "நாம பண்றோம்."

சுடலைமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் கதையைக் கொட்டாவி விடாமல் கேட்ட முதல் ஜீவன் அல்லவா!

சிங்கமும் லேசுப்பட்டதில்லை. பாத்திரத்துக்காக இளைக்கிறேன் என்று இரையைத் தொடாமல் கிடந்தது. கோடை உச்சத்தில் படப்பிடிப்பு தொடங்கியது. கொதிக்கிற பாறையில் சிங்கம் மல்லாந்தது. சுடலைமுத்து மேலே வட்டமிட்டுப் பார்த்துவிட்டு இறங்கியது.

"சார், வயிறு லேசா ஏறி இறங்குது. ஒன் மோர்."

மறுபடி எடுத்தார்கள். மீசை துடித்தது. மறுபடி எடுத்தார்கள்.

"குடிக்கத் தண்ணியாவது குடுய்யா" என்றது நரி.

"குடிச்சா முகத்துல களை வந்துரும்ணே."

சுடலைமுத்துவிடம் துளி வஞ்சகம் கிடையாது. மனசில் ஓடிய படம் அப்படியே திரையில் வரவேண்டும், அவ்வளவுதான். அதற்காகச் சிங்கமும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது.

வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு டேக் வந்தது. ஈ ஒன்று சிங்கத்தின் இமைமேல் உட்கார்ந்தது. இமை அசையவில்லை. சுடலைமுத்துவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"கட்! இதுதான் சார்! இதுதான் நான் எழுதுனது!"

எல்லாரும் கைதட்டினார்கள். சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் அபசகுனம். நரி பயபக்தியோடு கேமராவைத் திருப்பச் சொன்னது.

"தலைவரே, ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு எந்திரிங்க."

சிங்கம் சிரிக்கவில்லை. நரி கிட்டே போய் அதன் மார்பில் காது வைத்துக் கேட்டது. திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தது.

சுடலைமுத்து வாய்விட்டு அழுதது. அது நடிப்பில்லை. தன்னை நம்பிய ஒரே ஹீரோ போய்விட்டது. படம் முதல் நாளே நின்றுவிட்டது. மலைமுகட்டில் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போய் இறங்குவது?

"அண்ணே, என் படம் அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றது நரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தது. லைட் பிடித்த கழுதைப்புலிகள், மேக்கப் போட்ட காக்கைகள், எல்லாமே தலைகுனிந்து நின்றன. நரி தணிந்த குரலில் சொன்னது: "யூனிட்ல ஒருத்தரும் காலையில இருந்து சாப்பிடலை."

டைரக்டர் என்ற மரியாதைக்கு முதல் பங்கு சுடலைமுத்துவுக்கு வந்தது. அழுதுகொண்டேதான் சாப்பிட்டது. தான் எழுதியதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை என்று முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது.

நீதி: மனசுக்குப் பிடித்ததை மட்டுமே எழுதுங்கள். அப்படி எழுதிய கதாசிரியன் பட்டினி கிடந்ததாக அந்தக் காட்டில் பேச்சே இல்லை.