ஜாஃபர் சாதிக் பத்து வாத்துக்குஞ்சுக்கு வஞ்சினம் உரைத்த படலம்

வாழ்க ஜாஃபர் சாதிக்! ஊன் உருக்கும் பாலைவெயிலில் ஷார்ஜா மாநகரத்து மாடங்களையெல்லாம் மார்கழியாக்கி மகிழ்ந்தவன், ஸ்பானர் ஏந்திய தடக்கையன், கேஸ் சிலிண்டர் சுமந்த திண்தோளன், மன்னார்குடிக்குத் தெற்கே இரண்டு வாய்க்கால் தாண்டி வாழும் ஏசி மெக்கானிக்குகளில் ஏறு போன்றவன்! அவன் புகழ் பாட வந்திருக்கிறோம், கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். அவன் கை வைத்த ஏசி எதுவும் மறுபடி மக்கர் செய்ததே இல்லையாம். அவனேதான் சொன்னான்.

அத்தகையோன் விடுப்பில் வந்த இடத்தில், இனி விமானம் ஏறேன், வாத்துப் பண்ணை வைத்து ஊரோடு கிடப்பேன் என்று ஒருநாள் முடிவுகட்டினான். அவனை முதன்முதலில் கடல் கடத்திய மைத்துனன் ஹபீப் முகம்மது, அதாவது மனைவி லத்தீஃபாவின் அண்ணன், ஷார்ஜாவிலிருந்து வீடியோ காலில் தோன்றி விழுந்து விழுந்து சிரித்தான். "வாத்தா? மொதல்ல ஒரு முட்டையைப் பொரிக்க வச்சுக் காட்டுங்க மாப்ள!"

பொறுப்பானா வீரன்? எழுந்தான். கைலியை மடித்துக் கட்டினான். சுவரிலிருந்த பல்லி ட்யூப்லைட்டுக்குப் பின்னால் ஒளிய, வஞ்சினம் உரைத்தான்: "பதினாலு முட்டை வைக்கிறேன் மச்சான்! இருபத்தெட்டு நாள்ல பத்துக் குஞ்சு! பத்துல ஒண்ணு கொறஞ்சாலும் நீங்க போடுற டிக்கெட்ல ஏறி ஒக்காந்துடுறேன்!" ஹபீப் முகம்மது அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டான்.

அடுக்களையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த லத்தீஃபா, "ரொம்பத்தான்" என்று மட்டும் சொன்னாள். நிக்காஹ் ஆகிப் பதினாறு வருஷம். லீவு நாட்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அவள் அவனோடு வாழ்ந்தது பதினாறு மாதம். இந்த மனுஷன் இனிமேல் போகவே கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. அதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம்தான் இல்லை.

அடுத்து ஆயுதசாலை திறந்தது. தெர்மாகோல் மீன்பெட்டி ஒன்று, நாற்பது வாட்ஸ் பல்பு இரண்டு, செத்துப்போன கம்ப்யூட்டரின் விசிறி, ஆன்லைனில் வரவழைத்த தெர்மோஸ்டாட் ஆகியன கூடி, கோழியினத்தைக் குனியவைக்கும் பொறியாகிய இன்குபேட்டர் பிறந்தது. பெட்டிக்கு வெளியே நீட்டிய கம்பியை இழுத்தால் உள்ளே முட்டைகள் தாமே புரளும். மூடியைத் திறக்கவே வேண்டாம். இதைச் செய்துமுடித்த பெருமிதத்தில் வீரன் மத்தியானம் இரண்டு மணிநேரம் தூங்கினான்.

முட்டை தந்தவன் பிரபு, அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்க வந்து கொட்டகை போட்டிருந்தவன். "ஒரு வாரம் கழிச்சு தெனம் கொஞ்ச நேரம் தொறந்து ஆற விடுங்க பாய், தண்ணி தெளிங்க. வாத்து எந்திரிச்சுப் போயி நனைஞ்சுட்டு ஈரத்தோடதான் வந்து ஒக்காரும்" என்றான். குளிர்பதனக் கலையின் கொடுமுடிக்கே பாடமா! "தம்பி, ஏசி ரூம் கதவைத் தொறந்து போட்டா என்னாகும் தெரியுமா? உள்ள உள்ளது உள்ளயே இருக்கணும்!" என்று முழங்கி, வீட்டுக்கு வந்து மூடியின்மேல் செங்கல்லை ஏற்றி, "இதைத் தொறக்குறவங்க எங்கூடப் பேச வேணாம்!" என்று ஆணையிட்டான். வீட்டில் அவனைத் தவிர இருந்தது லத்தீஃபா ஒருத்திதான்.

ஏழாம் நாள் மட்டும் ஒரே ஒருமுறை திறந்து, செல்போன் டார்ச்சைப் பிடித்து முட்டைகளை விசாரணை செய்தான். நான்கு கூமுட்டை. மீதி சரியாகப் பத்து. வீரனுக்கு வியர்த்துவிட்டது.

எட்டாம் நாளிலிருந்து நடந்தது வீரனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்கு அவன் பள்ளிவாசல் போனதும் லத்தீஃபா செங்கல்லை இறக்குவாள், முட்டைகளைக் கால்மணி நேரம் ஆறவிடுவாள், விரலால் தண்ணீர் தெளிப்பாள், "ஒங்கப்பனுக்குப் புத்தி அவ்வளவுதான், நீங்களாச்சும் உருப்படியா வாங்க" என்று முட்டைகளிடம் சொல்லி மூடிவிடுவாள். அவன் திரும்பி வரும்போது தெர்மாமீட்டர் முள் பழைய இடத்துக்கு வந்திருக்கும். "பாத்தியா? முப்பத்தேழரை! ஒரு பாயிண்ட் நகரல!" என்று அவன் மார்தட்டுவான். "ஆமாமா, ஒங்க தெறமை யாருக்கு வரும்" என்று அவள் சோறு போடுவாள்.

பத்தொன்பதாம் நாள் வந்தது பார்த்தீர்களா பெரும்பகை! மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் இல்லை. வளைகுடாவிலிருந்து சுமந்து வந்த புலிப்படக் கம்பளியைப் பெட்டிக்குக் கவசமாகப் போர்த்தி, தெர்மாமீட்டரை வாளென உயர்த்தி நின்று, "முப்பத்தாறு! தண்ணி கொண்டா! முப்பத்தஞ்சரை! சீக்கிரம்!" என்று எட்டு மணிநேரம் ஓயாது போர்முழக்கம் செய்தான் வீரன். பாட்டில் பாட்டிலாக வெந்நீர் போட்டுக் கம்பளிக்குள் செருகி, விரலைச் சுட்டுக்கொண்டது லத்தீஃபா. ஐந்து மணிக்கு பல்பு எரிந்ததும், "காப்பாத்திட்டேன்!" என்றான் அவன்.

இருபத்தைந்தாம் நாள் முதல் வீரன் பாய் தலையணையோடு பெட்டியருகே பாசறை அமைத்தான். தொழுகையும் அங்கேயே. லத்தீஃபா நெருங்க வழியில்லாமல் போயிற்று. "ஏங்க, லேசாத் தண்ணி தெளிச்சா என்னங்க?" என்று கெஞ்சியும் பார்த்தாள். "இத்தனை நாள் தொறக்காமயே வளந்துச்சுல்ல?" என்றான். உண்மையைச் சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்த முகம் வாடிவிடுமே என்று விழுங்கிவிட்டாள்.

இருபத்தெட்டாம் நாள். கீச்சொலி கேட்டு வீரனே மூடியைத் திறந்தான். அடடா, ஓட்டுக்கோட்டைகள் ஒவ்வொன்றாக உடைந்தன! மஞ்சள் மயிர் சிலிர்க்க, கால் தடுமாற, கீச்சுக்கீச்சென்று கூவியபடி ஒன்று, மூன்று, ஆறு என வெளிவந்து, மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது ஒன்பது குஞ்சுகள் நின்றன. பத்தாவது, ஓட்டில் ஒரு ஓட்டை போட்டு மூக்கை மட்டும் நீட்டியது. கீச்சிட்டது. பிறகு கீச்சிடவில்லை. முட்டைக்குள்ளிருந்த சவ்வு காய்ந்து காகிதம்போல் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பதறி ஓடி ஈரத்துணி கொண்டுவந்தான். ஒரு பிரயோசனமும் இல்லை. உள்ளங்கையில் அதை வைத்துக்கொண்டு வீரன் அழுதான். சும்மா சொல்லக் கூடாது, ஏங்கி ஏங்கித்தான் அழுதான்.

போன் அடித்தது. ஹபீப் முகம்மது. ஜாஃபர் சாதிக் மறுகையால் போனை எடுத்தான். லத்தீஃபா போனைப் பிடுங்கினாள்.

"பத்தும் பொரிச்சிருச்சுண்ணே."

"நெசமாவா? காட்டு, எண்ணிப் பாக்குறேன்."

ஒன்பதையும் கூடத்தில் இறக்கிவிட்டாள். நாற்காலிக்கடியிலும் கட்டிலுக்கடியிலும் ஒன்றன்மேல் ஒன்றுமாக உருண்டோடிய அந்தச் சேனையை ஹபீப் முகம்மது முதலில் எட்டு என்றான், அப்புறம் பதினொன்று என்றான், மூன்றாவது தடவை ஏழு என்றான். "நான் பக்கத்துல இருந்து எண்ணிச் சொல்றேன், என்னை நம்ப மாட்டியாண்ணே?" என்றபோது லத்தீஃபாவின் குரல் உடைந்தது. ஹபீப் முகம்மது எண்ணுவதை நிறுத்தினான். "சரி புள்ள. பத்துன்னா பத்துதான். டிக்கெட்டை கேன்சல் பண்ணிடுறேன்" என்றான்.

பாலைவனம் வென்றவனும், பராமரிப்பு நாளைப் புறங்கண்டவனும், முப்பத்தேழரைக்கு ஒரு பாயிண்டும் பிசகாத காவலனும், பத்துக்கு வஞ்சினம் உரைத்து ஒன்பதில் வாகை சூடியவனுமாகிய ஜாஃபர் சாதிக், ஈரக்கண்ணோடு தன் மனைவியை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவன்போல் பார்த்துக்கொண்டு நிற்க, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்ன பாக்குறீங்க, குஞ்சுக்குக் குருணை இல்ல, கடை சாத்துறதுக்குள்ள ஒரு கிலோ வாங்கிட்டு வாங்க" என்றாள்.

அவன் போய் வாங்கி வந்தான்.