நாலாம் பத்தில் விழுந்த கோல்

செபமாலை சொல்லிக்கொண்டே காதில் உதைபந்தாட்ட வர்ணனை கேட்டவள் நான். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியும் விட்டேன். பாதர், "யார் வெண்டது?" என்றார். நாங்கள் தோற்றுவிட்டோம் என்றேன். அதுவே போதுமான தண்டனை என்று நினைத்தாரோ என்னவோ, சின்னதாக ஒரு செபத்தோடு விட்டுவிட்டார்.

அப்போது நான் கலியாணம் செய்து லண்டனுக்கு வந்து ஆறு மாதம். வளர்ந்தது ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில். (பெயர் வேண்டாம். எங்கள் கிளப் இப்போது இருக்கிற நிலைமையில் ஊருக்கும் மரியாதை இல்லை.) ஏழு வயதில் அண்ணை என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். ஈரக் கோட்டுகளும் பொரித்த சொசேஜும் கலந்த ஒரு மணம். என் கை விறைத்தால் தன் கையுறையைக் கழற்றித் தருவார். அதற்குள் என் இரண்டு கையும் போகும்.

லண்டன் ஸ்ட்ரெதமில் என் புகுந்த வீட்டில் கிரிக்கெட் மட்டும்தான். சனிக்கிழமைகளில் உடுப்பு அயர்ன் பண்ணியபடி ஒற்றைக் காதில் ஜெர்மன் ரேடியோ கேட்பேன். அங்கே மழை என்று அறிவிப்பாளர் சொன்னால் இங்கே எனக்குக் குளிரும்.

அந்த வருடம் எங்கள் கிளப்புக்கு என்ன பிடித்ததோ தெரியாது. முந்தின வருடம் கோப்பை ஒன்றை வென்றதால் ஐரோப்பியப் போட்டியில் இடம் கிடைத்திருந்தது. சனிக்கிழமை உள்ளூர் லீக்கில் கடைசி இடத்துக்காரரிடம் தோற்பார்கள். வியாழக்கிழமை இத்தாலிக்குப் போய் வென்றுவிட்டு வருவார்கள். அடுத்த வியாழக்கிழமை ஆட்டம் லண்டனில் என்று அறிவித்தார்கள். அண்ணையின் மெசேஜ் வந்தது: "ரசிகர் பஸ்ஸில வாறன். மட்ச் முடிஞ்ச உடன திரும்பிடுவம். ரெண்டு ரிக்கெற் இருக்கு. வாறியா?"

ஒக்டோபர், செபமாலை மாதம்; மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். அதே வியாழன் பின்னேரம்தான் சொரூபம் எங்கள் வீட்டுக்கு வருகிறது. மாமி எங்கள் கோவில் பங்கின் செபக் குழுத் தலைவி. புது மருமகள் மாதாவை விட்டுவிட்டு மட்ச் பார்க்கப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? "ஏலாது அண்ணை, வேலை" என்று எழுதினேன்.

"சரி. உன்ர கதிரையில என்ர ஜாக்கெட்டை வைக்கிறன்" என்று பதில் வந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதை நாலு தரம் வாசித்தேன்.

வியாழன் வந்தது. வரவேற்பறையில் இருபத்தைந்து பேர். நான் சேலைத் தலைப்பால் முக்காடு போட்டிருந்தேன்; வெளியே பார்க்கப் பக்தி, உள்ளே இடுப்பில் செருகிய போனும் இயர்போன் வயரும். செபமாலையின் ஐந்து பத்தில் மூன்று நல்லபடியாகப் போனது. பிறகு மாமி என் பக்கம் திரும்பி, "பிள்ளை, அடுத்த பத்தை நீ சொல்லு" என்றார்.

தொடங்கினேன். அதே நேரம் எங்கள் ஆட்கள் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடத் தொடங்கினார்கள். அறிவிப்பாளரின் வேகம் கூட, என் அருள் நிறைந்த மரியேயின் வேகமும் கூடியது. சபையும் என்னைத் துரத்திக்கொண்டு வந்தது. (பின்வரிசை அங்கிள் ஒருவர் மூச்சு வாங்கியதை நான் கேட்டேன்.) செபமாலையின் ஏழாவது மணியில் விரல் இருக்கும்போது, "தோ...ர்!" என்று எழும்பித் துள்ளினேன். ஜெர்மனில் அதுதான் கோல்.

என் கை பட்டுப் பூச்சாடி விழுந்தது. மாதா சொரூபம் ஆடியது. என் கணவர் அன்ரன் பாய்ந்து விழுந்து அதைப் பிடித்தார். அன்றைக்கு லண்டனில் நடந்த மிகச் சிறந்த சேவ் அதுதான்.

"அந்நிய பாஷை வரம்! பிள்ளைக்கு ஆவியானவர் இறங்கிட்டார்!" என்று செபக் குழு ரீட்டா அன்ரி கைகளை உயர்த்தினார். (அந்நிய பாஷை என்பது உண்மைதானே.) இரண்டு பேர் அல்லேலூயா என்றார்கள். நானும் கண்ணை மூடிச் சமாளித்திருப்பேன். ஆனால் துள்ளியதில் வயர் கழன்றுவிட்டது. என் இடுப்பிலிருந்து ஒரு ஜெர்மன்காரர் சத்தமாகப் பேசத் தொடங்கினார்.

"என்னவாம்?" என்றார் மாமி.

"நடுவர் வீடியோ பாத்தவராம் மாமி. ஓஃப்சைட். கோல் இல்லையாம்."

மாமி என்னைக் குசினிக்குக் கூட்டிப் போனார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: அண்ணை, ரிக்கெற், ஜாக்கெட் வைத்த கதிரை. அவர் மாதாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"உன்ர அண்ணை இஞ்சை லண்டனில இருக்கிறார். எனக்குச் சொல்லப் பயந்தனியோ? நான் அவ்வளவு பொல்லாதவளோ பிள்ளை?"

அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க ஏலாது. பூச்சாடி விழுந்ததைவிட அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

மிச்சச் செபத்தை ரீட்டா அன்ரியிடம் ஒப்படைத்துவிட்டு, வந்தவர்களுக்குப் பொரித்து வைத்த ரோல்ஸை மாமி ஒரு பெரிய டப்பாவில் அள்ளினார். அன்ரன் கார் ஓட்டினார். நாங்கள் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மட்ச் முடிந்துவிட்டது. நல்லவேளை, வெளியூர் ரசிகர்களைக் கொஞ்ச நேரம் உள்ளேயே மறித்து வைத்திருந்தார்கள். பஸ்களுக்குப் பக்கத்தில் நின்றோம். கடைசியாக வந்த கூட்டத்தில், ஜாக்கெட்டைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு அண்ணை வந்தார். பத்து நிமிடம் கிடைத்தது. அதில் பாதி நேரம் நான் அவருடைய சேர்ட்டில் முகத்தை வைத்திருந்தேன். ஈரமும் சொசேஜும் மணந்தது.

"வெண்டீங்களோ தம்பி?" என்றார் மாமி.

"இல்லை மாமி, தோத்திட்டம்."

"அப்ப இன்னும் ரெண்டு ரோல்ஸ் எடும்."

வசந்தத்தில் எங்கள் கிளப் ஐரோப்பாவில் அரையிறுதி வரை போனது. அதே மாதம் உள்ளூரில் இரண்டாம் லீக்குக்கு இறங்கியது. இரண்டாம் லீக்காரருக்கு லண்டனில் வேலை இல்லை. அன்றைக்குப் பிறகு அவர்கள் வரவேயில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் இப்போது எந்த நல்ல செய்தியையும் யாரும் உடனே நம்புவதில்லை. நான் கர்ப்பம் என்று சொன்ன அன்றும் மாமி, "கொஞ்சம் பொறு பிள்ளை, வீடியோ பாக்கட்டும்" என்றார். ஸ்கான் எடுத்த பிறகுதான் அழுதார். ஒவ்வொரு வருடமும் அண்ணை போன் எடுத்து, "இந்த முறை கட்டாயம் மேல ஏறுறம், லண்டனுக்கு வாறம்" என்பார். குசினியிலிருந்து மாமி, "பொறுங்கோ தம்பி, வீடியோ பாக்கட்டும்" என்று கத்துவார். எல்லோரும் சிரிப்போம். நான் போனை வைக்காமல், அங்கே மழையா என்று கேட்பேன்.