மூணு ஹெச்.பி. மாப்பிள்ளை

மாமனார் "போதும் மாப்ள" என்று மூன்று தடவை சொன்னால், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட வேண்டும். உலகத்தில் எல்லா மருமகன்களுக்கும் இது தானாகவே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் ஒரு மெட்டல் டிடெக்டர் தேவைப்பட்டது.

செஞ்சிக்காரனுக்குப் புதையல் ஆசை ரத்தத்திலேயே உண்டு. நிமிர்ந்தால் மலை, மலைமேல் கோட்டை. எத்தனை ராஜா, எத்தனை படை! ஓடிய ஓட்டத்தில் எத்தனை பேர் மடியிலிருந்து காசு நழுவியிருக்கும்! தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற நான், கூட்டமில்லாத மதியங்களில் இதையே யோசித்து யோசித்து, ஆன்லைனில் அந்த மெஷினை வரவழைத்துவிட்டேன். நீளமாக ஒரு கம்பு, அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம். மண்ணுக்கடியில் உலோகம் இருந்தால் கத்தும்.

"இன்னாங்க இது, ஒட்டடக் குச்சியா?" என்றாள் என் மனைவி சுமதி.

"நம்ம தலையெழுத்தே மாறப்போவுது, பாரு" என்று வட்டத்தைத் துடைத்துக்கொண்டே ஆன் செய்தேன். கீய்ங் என்று அலறியது. சமையலறைத் தரையைப் பெயர்த்துவிடலாம் என்று நான் கடப்பாரை தேடப் போனபோது, சுமதி என் விரலைக் காட்டினாள். கல்யாண மோதிரம். சுளையாக ஒரு பவுன்.

(அன்றைக்கே அந்த மெஷின் முழுக் கதையையும் சொல்லிவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை.)

கோட்டைப் பக்கம் மெஷினோடு போனால் போலீஸ் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிடும். அதற்கு நிஜமான மாமியார் வீட்டுக்கே போய்விடலாமே? மாமனாரின் பூர்வீக வீடு பனமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஓடு சரிந்து, சுவரில் அரசங்கன்று முளைத்து, ஆளில்லாமல் கிடந்தது. தோண்டினால் கேட்க நாதியில்லை.

ஆளில்லாமல் போனதற்குக் காரணம் ஒரு மோட்டார். மாமனாருக்கும் அவர் தம்பிக்கும் பொதுக் கிணறு, பொது மோட்டார். எங்கள் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால், ஒரு காலையில், மோட்டாரைக் காணோம். "அண்ணன்தான் எடுத்துட்டாரு" என்றார் சின்ன மாமா. மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். (பெரிய மனுஷன் என்றால் இவர்தான் என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன்.) சின்ன மாமா எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. ஆளுக்கொரு பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். ஒன்பது வருஷம் பேச்சில்லை.

இப்போது சின்ன மாமா மகளுக்குக் கல்யாணம். பெரியப்பா இல்லாமல் மணவறையில் உட்காரமாட்டேன் என்று பெண் அழுதுவிட்டது. ஆனால் அண்ணன் வாசப்படியைத் தம்பி மிதிக்கமாட்டார், தம்பி வாசப்படியை அண்ணன் மிதிக்கமாட்டார். கடைசியில், இரண்டு பேருக்கும் பொதுவான அந்தப் பாழடைந்த வீட்டில் வைத்துப் பத்திரிகை கொடுப்பது என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை. குடும்பமே கிளம்பியது. நானும், கூடவே மெஷினும்.

அண்ணன் கிழக்கே பார்த்து ஒரு நாற்காலியில், தம்பி மேற்கே பார்த்து ஒரு நாற்காலியில். நடுவில் தாம்பாளம், பழம், பத்திரிகை. யார் முதலில் வாயைத் திறப்பது என்று தெரியாமல் எல்லோரும் ஓட்டின்மேல் இருந்த காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த இறுக்கத்தை நான்தான் உடைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. (எனக்கு அடிக்கடி இப்படித் தோன்றும்.)

மெஷினை எடுத்தேன். ஒரு மாட்டு லாடம் கிடைத்தது. உடைந்த அரிவாள்மனை கிடைத்தது. என் மோதிரம் இரண்டு தடவை கிடைத்தது. தெருவே கூடிவிட்டது. பழைய மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்து, தண்ணித் தொட்டி அடியில் வட்டத்தை நீட்டினேன். கீய்ய்ய்ங்!

"போதும் மாப்ள, வெயில் ஏறுது" என்றார் மாமனார்.

"இருங்க மாமா, இதான் பெருசு!"

"போதும் மாப்ள. வந்து மோர் குடிங்க." மோர்ச் செம்போடு அவரே எழுந்து வந்துவிட்டார்.

என்மேல் எவ்வளவு பாசம் என்று நெகிழ்ந்துபோய் இன்னும் வேகமாகத் தோண்டினேன். மூன்றாவது "போதும் மாப்ள" வந்தபோது, என் கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு இருந்தது. மண் அப்பியிருந்தாலும் கட்டம் கட்டமாகக் கோடுகளும் சில எண்களும் தெரிந்தன.

பக்கத்து வீட்டுப் பச்சையம்மா இரண்டடி பின்னால் குதித்தாள். "ஐயையோ! கட்டம் போட்டிருக்குது, நம்பர் எழுதியிருக்குது! செய்வினைத் தகடுடா சாமி!"

"அதான் எனக்கு ஒம்போது வருஷமா முட்டி வலி" என்றார் என் மாமியார். சொல்லிக்கொண்டே சின்ன மாமா பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை போதாதா?

சின்ன மாமா எழுந்தார். "திருட்டுப் பட்டம் நான் யாருக்குக் குடுத்தனோ, அவங்க எனக்குச் சூனியக்காரன் பட்டம் குடுக்குறாங்க. பத்திரிகைய எடும்மே, போலாம்" என்றார் மனைவியிடம். தாம்பாளம் தரையை விட்டு எழுந்தது. சுமதி என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த ஒன்பது வருஷம் தெரிந்தது.

"சின்ன மாமா, ஒரு நிமிஷம்! படிச்சவன் நான் இருக்கேன்ல?" என்று முழங்கினேன். மாமனார் கையிலிருந்த மோரை வாங்கித் தகட்டில் ஊற்றி, மண்ணோடு சேர்த்துத் தேய்த்தேன். பித்தளை பளபளத்தது. கூட்டத்தைப் பார்த்து உரக்கப் படித்தேன்.

"ஹெச்.பி., மூணு! ஆர்.பி.எம்., ஆயிரத்து நானூத்து நாப்பது! பாத்தீங்களா, சூனியமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இது வெறும் மோட்டார்..."

அந்த வார்த்தை வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கே கேட்டது.

சின்ன மாமா மெதுவாகத் திரும்பினார். "அண்ணே?"

மாமனார் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான்தான்டா வித்தேன். அடையாளம் தெரியக்கூடாதுன்னு தகட்டப் பேத்துப் பொதைச்சேன். ஒங்கிட்ட சொல்ல வாய் வரல."

"இன்னாத்துக்குண்ணே? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனே!"

மாமனார் தலையைத் தூக்காமல், விரலை மட்டும் என் பக்கம் நீட்டினார். "நிச்சயத்தன்னிக்கு, மோதிரம் லேசா இருக்குதுன்னு மாப்ள மூஞ்சத் தூக்கிகினு பாயசம்கூட குடிக்கல. கல்யாணம் நின்னுடுமோன்னு பயந்துட்டேன்டா."

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தப் பாயசத்தில் முந்திரிகூட நிறையப் போட்டிருந்தார்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியொரு மாப்பிள்ளை முறுக்கு! ஒன்பது வருஷமாக ஒரு மூன்று ஹெச்.பி. மோட்டாரை விரலில் மாட்டிக்கொண்டு, ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். புதையல் தேடி!

சின்ன மாமா என்னிடம் வந்தார். அடி விழும் என்றுதான் நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்து மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. "அண்ணே, கெணத்துல தேடினேன், பழைய இரும்புக் கடையில தேடினேன். கடைசியில இந்த வெரலுல ஓடிகினு இருக்குது பாருண்ணே!" அண்ணனும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. தாம்பாளம் இந்தத் தடவை நேராக அண்ணன் மடிக்கு வந்தது.

மோதிரத்தை நானே கழற்றிக் கொடுத்தேன். (சுமதி பின்னாலிருந்து கிள்ளியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) செஞ்சிக் கடைத்தெருவில் அதை உருக்கி இரண்டு மோதிரமாகச் செய்தோம். ஒன்று எனக்கு, ஒன்று சின்ன மாமாவின் புது மாப்பிள்ளைக்கு.

பாவம், அந்தப் பையன் பாயசமெல்லாம் ஒழுங்காகக் குடித்தவன். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை அவனும் நானும் ஆளுக்கு ஒன்றரை ஹெச்.பி. எந்த விசேஷத்திலும் பந்தியில் நாங்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்துவிட்டால் போதும், சின்ன மாமா வாளியும் கையுமாக அங்கிருந்தே கத்துவார்: "அந்த ரெண்டு மாப்ளயும் சேத்து உக்கார வைங்கடா! அப்பதான் தண்ணி ஏறும்!"