பத்து மணிக்கு எடுக்கிறார்களாம்

முன்பின் தெரியாதவர் நாடியைப் பிடித்துத் தூக்கும் உரிமை உலகத்தில் மூன்று பேருக்குத்தான் உண்டு: முடிவெட்டுபவர், பல் டாக்டர், போட்டோக்காரர். மூன்றாவது ஆளான நான் அந்த உரிமையை ஒருமுறை அளவுக்கு மீறிப் பயன்படுத்திவிட்டேன். அதை நானே சொல்லிவிடுகிறேன். என் மனைவி சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

போடியில் வைத்திருந்த ஸ்டுடியோவை மூடிவிட்டு, பழைய வேன் ஒன்றில் விளக்கு, கேமரா எல்லாம் ஏற்றி, ஊர் ஊராகப் போய் விழாவும் மாநாடும் எடுப்பது என்று கிளம்பிய புதிது. (யோசனை என்னுடையது. வேன் ஓட்டுவது, விளக்குப் பிடிப்பது, என்னைத் திட்டுவது மூன்றும் என் மனைவி வசந்தாவுடையது.) ஏழெட்டு மாதமாகக் காதுகுத்தைத் தவிர வேறொன்றும் சிக்கவில்லை. அப்போதுதான் போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட் பங்களாவில் ஏலக்காய் விவசாயிகள் மாநாடு வந்தது. எங்கள் முதல் மாநாடு.

"இதுவும் சொதப்புச்சுன்னா வேனை வித்துருவோம். பேசாம எங்கண்ணன் கடையில வந்து ஏலக்காய் சலிங்க" என்றாள் வசந்தா. மச்சான் எனக்கென்று ஒரு சல்லடையை அப்போதே ஒதுக்கி வைத்திருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது.

மாநாட்டுக்காரர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். "காலையில பத்து மணிக்குக் குரூப் போட்டோ. அது முடிஞ்சதும் தலைவரு மதுரைக்கு எறங்கிருவாரு. பிந்துனா வராதீங்க."

தலைவர் முகம் எனக்குத் தெரியாது. போன இடத்தில் மாலையைப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மெட்டு ஏறும்போதே மேகம் ரோட்டில் இறங்கிவிட்டது. வேனுக்கு முன்னால் நாலு அடி தெரிந்தால் அதிகம். போனில் சிக்னல் செத்துப்போயிருந்தது. ஒரு வளைவில் ஜீப்பு ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. உள்ளே பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர்கூடப் பேசவில்லை. கண்ணாடியை இறக்கி, "அண்ணே, பங்களா எங்கிட்டு? கூட்டம் கூடியிருக்காமே?" என்றேன்.

"மேல ரெண்டாவது வளைவு, எடப்பக்கம்" என்றார் டிரைவர். "நாங்களும் அங்கதான். வெரசாப் போங்க, பத்து மணிக்கு எடுக்குறாகளாம்."

"பாத்தியா? ஊரே நம்மள எதிர்பார்க்குது" என்றேன் வசந்தாவிடம்.

பங்களா வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் நூறு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பனியில் உடம்பு மறைந்து முகம் மட்டும் தெரிந்தது. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. அத்தனை முகங்களும் பங்களாவின் இருட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஏங்க, பேனரக் காணோமே" என்று கிசுகிசுத்தாள் வசந்தா.

"பனியில தெரியல. என்ன ஒழுங்கு பாத்தியா? மாநாடுன்னா இப்படி இருக்கணும்."

கூட்டத்துக்கு முன்னால் போய், "எல்லாரும் இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க!" என்று சொல்லி ஒரு படம் எடுத்தேன். நூறு பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஒருவர்கூட என்னைப் பார்க்கவும் இல்லை.

வாசலில் சவரம் செய்யாத முகத்தோடு நின்றவர் இரண்டு கைகளையும் என் பக்கம் நீட்டினார். அந்தக் கைகளைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி, "வாழ்த்துகள்ணே!" என்றேன். (ஐயோ, இதை எழுதும்போதுகூட உடம்பு கூசுகிறது.)

"ஐயா எங்கண்ணே?"

"உள்ள உக்கார வச்சிருக்கோம்" என்றார் அவர். "மேளம் போடியில இருந்து ஏறி வந்துக்கிட்டிருக்கு. வந்ததும் எடுத்துருவோம்."

"மேளம் எதுக்குண்ணே? அஞ்சு நிமிசத்துல நானே எடுத்துருவேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தனியாவா?"

"பத்து வருசமாத் தனியாத்தான் எடுக்குறேன்."

அவர் பின்னால் திரும்பி யாரையோ தேடிய இடைவெளியில் நான் உள்ளே புகுந்துவிட்டேன். கரண்டு இல்லை. குத்துவிளக்கு எரிந்தது, ஊதுபத்தி புகைந்தது. நடுக்கூடத்தில் நாற்காலியில் பெரிய மாலையோடு தலைவர் உட்கார்ந்திருந்தார். நாடியையும் தலையையும் சேர்த்து வெள்ளைத் துணி கட்டியிருந்தது. பாவம், குளிர் தாங்காத ஆள் என்று நினைத்துக்கொண்டேன். தலை நெஞ்சில் கவிழ்ந்திருந்தது. ஒரு படம் எடுத்தேன். "ஐயா, நாடியத் தூக்குங்க" என்று சொல்லி இன்னொன்று எடுத்தேன். அதுவும் போதவில்லை. வழக்கம்போல நேரே போய் நாடியைப் பிடித்துத் தூக்கினேன்.

குளிர்ந்திருந்தது. மலைக்குளிர் எனக்குத் தெரியும், அது வேறு. இது என் விரல் வழியாக ஏறி முழங்கை வரைக்கும் போனது. கையை எடுக்கவும் முடியவில்லை, எடுத்தால் தலை மறுபடி சாய்ந்துவிடுமோ என்று பயம்.

"ஏங்க," பின்னாலிருந்து வசந்தா என் சட்டையை இழுத்தாள், "அது தலைவரில்ல."

அதற்குள் வாசலில் நின்றவர், "எங்கப்பன என்னடா பண்ற?" என்று பாய்ந்து வந்தார். இறந்தவர் காலடியில், இருட்டில் என் கண்ணில் படாமல் உட்கார்ந்திருந்த அவருடைய மகள்தான் தம்பியைத் தடுத்தார்.

"விடுடா. அப்பா எந்தப் போட்டோவுலயாவது நிமிந்து பாத்திருக்காரா? யாரு சொன்னாலும் குனிஞ்சுக்குவாரு. ஒரு படத்துலயும் மொகம் இல்ல." பிறகு என்னைப் பார்த்து, "தூக்குனது தூக்கிட்டீக. அப்படியே எல்லாரையும் வச்சு ஒண்ணு எடுங்க" என்றார்.

குடும்பமே அவரைச் சுற்றி நின்றது. நாடியை மகள் தாங்கிக்கொண்டார். நான் இருந்த நிலையில் கேமராவை வசந்தாதான் வாங்கி எடுத்தாள். கீழே மேளச்சத்தம் கேட்டது. பத்து மணிக்கு, சொன்னபடியே இரண்டும் நடந்தன: நாங்கள் படத்தை எடுத்தோம், அவர்கள் அவரை எடுத்தார்கள்.

மாநாட்டுப் பங்களா அதே மலையில் இரண்டு வளைவு தள்ளி இருந்தது. நாங்கள் போனபோது தலைவர் மதுரைக்கு இறங்கிவிட்டார். மாநாட்டுக்காரர் பேசியதில் அச்சில் ஏற்றக்கூடிய சொல் ஒன்றுகூட இல்லை. வேன் கொட்டகையில் நின்றது, நான் மச்சான் கடையில் ஆறு மாதம் ஏலக்காய் சலித்தேன்.

இதற்கிடையில் அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். கூடத்துக்குள் எடுத்த முதல் படத்தில் தலை கவிழ்ந்திருக்கிறது. "நாடியத் தூக்குங்க" என்று சொன்ன பிறகு, நான் தொடுவதற்கு முன்னால் எடுத்த இரண்டாவது படத்தில், நாடி ஒரு விரற்கடை நிமிர்ந்திருக்கிறது. கேமராவைச் சாய்த்துப் பிடித்திருப்பேன் என்று நான் இன்றுவரை சாதிக்கிறேன். வசந்தா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு விளக்கைப் போட்டாள்.

நாங்கள் அனுப்பிய குடும்பப் படத்தை அந்த மகள் பெரிதாக மாட்டி வைக்க, துக்கத்துக்கு வந்த எஸ்டேட்காரர்கள் எல்லாம் யார் எடுத்தது என்று விசாரிக்க, ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். விழா, மாநாடு, கூட்டம் என்று வேன் மறுபடி மலை ஏறியது, இன்றும் ஏறுகிறது. ஆனால் போனை நான் எடுக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். வசந்தாதான் எடுப்பாள். தேதி கேட்பதற்கு முன்னால், "தலைவரு உசுரோடதான இருக்காரு?" என்று கேட்பாள். பக்கத்தில் மச்சான் இருந்தால் அன்றைக்கு முழுக்கச் சிரிப்புதான். கூப்பிட்டவர்களும் சிரித்துவிட்டு "இருக்காரும்மா" என்பார்கள்.

போன வாரம் ஒருத்தர் சிரிக்கவில்லை. பக்கத்தில் யாரிடமோ விசாரித்துவிட்டு, "இப்ப வரைக்கும் இருக்காரு" என்றார். அந்த வேலைக்கு நாங்கள் போகவில்லை.